தன்வரலாறும் மெய்ம்மையும்

நூலொன்று கற்போர் கையிற் சேருமுன் அதன் தகுதியைப் பிறரொருவர் எடுத்துரைத்தல் தமிழிற் பழைய மரபு. அவ்வுரையைச் சிறப்புப்பாயிரம் என்றனர். அதனைச் செய்தற்கு உரியார் யாவர் என்பதனையும் நன்னூலார் வரையறுத்தார். நூலாசிரியனுக்குக் கற்பித்தவன், அவனோடு ஒருங்கு கற்றவன், அவனிடங் கற்றவன், அந்நூலுக்கு உரைகாணத் தக்கவன் என இவர்கள் நால்வர். இந்நால்வருக்கும் பொதுவாயுள்ள இயல்பு யாதெனின், ஒவ்வொருவரும் நூலையேனும் நூல்செய்தானையேனும் அணுக்கமாக அறிந்தவர் என்பதே. புகழ்மிக்கார், செல்வமுடையார், பெருங்கூட்டத்தின்முன் நின்று பேசும் வாய்ப்புடையார் என்போருக்கு அவ்வரிசையில் இடமில்லை. இவ்விதியின் நுண்மை விளங்க வேண்டுமாயின், அமெரிக்காவில் 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியை ஆராய்தல் தகும்.

மேனாட்டில் வாசகருக்கு நூல் தெரிந்து கொடுக்கும் கழகங்கள் இருபதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றன. 1926 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய ‘மாதம் ஒரு நூல்’ கழகம் எழுத்தாளரும் திறனாய்வாளருமாகிய ஒரு குழுவினரை நடுவராக அமர்த்தி நூல்களைத் தெரிந்தது. 1936 இல் இலண்டனில் விக்டர் கொலான்ஸ் தொடங்கிய இடதுசாரி நூற்கழகத்தில் அவரோடு ஹரல்ட் லாஸ்கியும் ஜோன் ஸ்திரேச்சியும் தெரிவாளராயிருந்தனர். அக்கழகம் அரசியல் நோக்குடையது. நடுநிலை தன்பால் உண்டென்று அது கூறிக்கொண்டதுமில்லை. எனினும், ஜோர்ஜ் ஓர்வெலின் விகன் துறை பற்றிய நூலை 1937 இல் வெளியிட்டபோது, அதன் பிற்பகுதியிலுள்ள தன்வரலாறும் சோஷலிசவாதிகளைக் குறித்த கண்டனமும் தமக்கு உடன்பாடல்லாதன என்பதனைக் கொலான்ஸ் முன்னுரையிலேயே விரித்துரைத்தார். தாம் வழங்கும் நூலோடு தாமே வழக்காடும் பாயிரம் அது. அம்முன்னுரையைப் பின்வந்தோர் பலர் நகையாடினர். ஆயினும் வாசகனை ஏமாற்றாத முன்னுரை அதுவென்பதனை மறுத்தற்கில்லை.

1996 செப்டெம்பரில் இத்துறையிற் புகுந்தவர் தொலைக்காட்சி உரையாடல் நிகழ்ச்சியினால் நாடெங்கும் அறியப்பட்ட ஓப்ரா வின்பிறி அம்மையார். ஜாக்குலின் மிச்சார்ட் என்பாரின் நாவலொன்று அவருடைய கழகத்தின் முதல் தெரிவு. அடுத்த தெரிவு நோபெற் பரிசு பெற்ற ரோனி மொறிசனின் ‘சொலமனின் பாடல்’. கழகம் தெரிந்த நூல்கள் இலட்சக்கணக்கில் விற்பனையாயின. இடையே 2002 இல் அது நிறுத்தப்பெற்று, மறு ஆண்டு பழைய பேரிலக்கியங்களைக் கொண்டு மீண்டும் தொடங்கிற்று. 2003 இல் ஸ்ரைன்பெக், 2004 இல் ரோல்ஸ்ரோய், 2005 கோடையில் போக்னரின் நாவல்கள் மூன்று என அமைந்த வரிசை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இழுக்காகாது. அன்னா கரீனினாவைத் தையற்கடையிலும் சமையலறையிலும் படிக்கச் செய்தவரை எளிதிற் பழித்தல் முறையன்று. 2001 இல் தமது நாவல் தெரியப்பட்டமை குறித்து ஜொனதன் பிரான்சன் வெளியிட்ட தயக்கத்திற் கற்றோரின் செருக்கே மிகுதியாகக் காணப்பட்டது.

குறை வேறிடத்தில் உள்ளது. அந்நிகழ்ச்சியில் நூலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் படித்தவருடைய வாழ்க்கையைப் பற்றிய பேச்சாகவே நடைபெற்றது. நூல் எவ்வாறு இயன்றுள்ளது என்னும் வினாவைக் காட்டிலும், அது நெஞ்சை எவ்வாறு தொட்டது என்னும் வினாவே முன்னின்றது. நாவலுக்கு இம்முறை பெருந்தீங்கு செய்யாது; நாவலின் மாந்தர் எழுந்து வந்து சாட்சி கூறப்போவதில்லை. தன்வரலாற்றின் நிலை அவ்வாறன்று. அங்கே கதைத்தலைவனே ஆசிரியன். அவன் மேடையில் வந்தமர்ந்து, தான் வீழ்ந்ததும் எழுந்ததும் மெய்யென்று தன் உடம்பையே காட்டுகின்றான். மருந்தின் குணத்துக்கு நோய் தீர்ந்தவனையே சான்றாக நிறுத்தும் வணிகமுறை இது. இவ்விடத்தில் நெஞ்சைத் தொட்டது என்பது போதாது.

2005 செப்டெம்பரில் வின்பிறி அம்மையார் இக்கால நூல்களுக்கு மீண்டபோது தெரிந்தது ஜேம்ஸ் பிறே என்பாரின் ‘ஏ மில்லியன் லிற்றில் பீசஸ்’. பத்து இலட்சம் சிறு துண்டுகள் என்பது அத்தலைப்பின் பொருள். 2003 இல் டபிள்டே நிறுவனத்தின் சார்பில் நான் ரலீஸ் அம்மையார் பதிப்பித்த நூல் அது. போதைப்பொருளுக்கும் மதுவுக்கும் அடிமையான இருபத்துமூன்று வயது இளைஞன் மினசோட்டா மாநிலத்துச் சிகிச்சை நிலையமொன்றிற் கழித்த நாட்களைக் கூறுவது. விமானத்தில் முகமுடைந்து பல்லிழந்து கண்விழிக்கின்றான், மயக்கமருந்தின்றிப் பற்சிகிச்சை பெறுகின்றான், பொலிசாரோடு மோதிச் சிறைத்தண்டனைக்கு ஆளாகின்றான், காதலியை இழக்கின்றான். இந்நூல் முதலில் நாவலாகவே பதிப்பகங்கள் பலவற்றுக்கு அனுப்பப்பட்டு மறுக்கப்பட்டது என்பதனை ஆசிரியரே பின்னர் ஒப்புக்கொண்டார். நாவலாக விலைபோகாதது தன்வரலாறு என்னும் பெயரால் விலைபோயிற்று. கழகத்தின் தெரிவு கிடைத்தபின், 2005 ஆம் ஆண்டில் மட்டும் 17 இலட்சம் படிகளுக்கு மேல் விற்பனையாயின. அவ்வாண்டு அமெரிக்காவில் அதனினும் மிகுதியாக விற்றது ஹரி பொட்டர் வரிசையின் ஆறாம் நூல் ஒன்றே.

இந்நூலின் நடையைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். ஏமாற்றத்தின் பெரும்பகுதி அங்கேயே நிகழ்ந்தது. சிறப்புப்பெயர்க்கு உரிய பெரிய எழுத்தைப் பொதுப்பெயர்களுக்கும் இடுகின்றார் ஆசிரியர். உரையாடலுக்கு மேற்கோட்குறியில்லை. பந்தி தொடங்குமிடத்தில் இடைவெளியில்லை. வாக்கியங்கள் மூன்று சொல்லிலும் நான்கு சொல்லிலும் முடிகின்றன; ஒரே சொல் மும்முறையும் நான்முறையும் அடுக்கி வருகின்றது. இவையெல்லாம் சேர்ந்து, எழுதத் தெரியாத ஒருவன் வேதனை தாங்காது கக்கிய சொற்கள் இவை என்னும் எண்ணத்தைப் படிப்போன் மனத்திற் பதிக்கின்றன. செப்பமில்லாதது பொய்யில்லாதது என்னும் மயக்கம் வாசகரிடையே பரவலாக உண்டு. உண்மையில் இத்தகைய கரடுமுரடு மிகுந்த முயற்சியோடு செய்யப்படுவது. பிறே அதற்குமுன் திரைக்கதை எழுதிப் பழகியவர்.

இன்னுமொன்று. தன்னைத் தாழ்த்திக் கூறுவோன் பொய் கூறான் என்பது உலகத்தார் நம்பிக்கை. ஆனால் இந்நூலிற் கூறப்படும் தாழ்வுகள் எத்தகையன? அடி பெற்றும் அஞ்சாமை, வலி பொறுத்தல், அதிகாரத்தை எதிர்த்தல், எவருடைய துணையையும் வேண்டாமை. இழிவு என்று காட்டப்படுவன யாவும் உள்ளூர வீரமாகவே முடிகின்றன. சிறுமையும் கோழைத்தனமும் கடன்பட்டு ஒளித்தலும் நண்பரை ஏய்த்தலும் ஆகிய, போதைக்கு அடிமைப்பட்டாருடைய அன்றாட இழிவுகள் அங்கே மிக அருகியே காணப்படுகின்றன. 1821 இல் இலண்டன் சஞ்சிகையொன்றிற் டி குவின்சி தம் அபின் வாழ்க்கையை எழுதியபோது, அவர் தம்மை வீரராகக் காட்டவில்லை. வறுமையையும் தளர்ச்சியையும் கொடுங்கனவுகளையுமே காட்டினார். டி குவின்சியைப் படித்தவர் எவரேனும் பிறேயின் நூலை ஐயுறாது படித்திருப்பின் அது வியப்பே. ஐயுற்றோர் இல்லாமலுமில்லை. 2003 இலேயே மினியாபொலிஸ் நகரப் பத்திரிகையொன்று நூற்செய்திகள் சிலவற்றைக் குறித்து வினா எழுப்பியது. அதற்கு எவரும் செவிசாய்க்கவில்லை.

2006 ஜனவரி 8 ஆம் நாள், நீதிமன்ற ஆவணங்களையும் பொலிஸ் ஆவணங்களையும் தேடி வெளியிடும் ‘ஸ்மோக்கிங் கன்’ என்னும் இணையத்தளம் தன் ஆராய்ச்சியை வெளியிட்டது. மாதக்கணக்கிற் சிறையிலிருந்ததாகக் கூறியவர் உண்மையிற் சில மணி நேரமே காவலில் இருந்தார். பொலிசாரோடு நிகழ்ந்ததாக வருணித்த கைகலப்புக்கு ஆவணங்களில் ஆதாரமில்லை. இவற்றினும் மனத்தை வருத்துவது வேறொன்று. மிச்சிகன் மாநிலத்தில் மெய்யாகவே நிகழ்ந்த புகைவண்டி விபத்தொன்றைத் தம் கதையோடு இணைத்து, அதில் மாண்ட மாணவியின் மரணத்திற்கு ஊரார் தம்மையே குற்றஞ்சாட்டியதாக எழுதியிருந்தார். அவருக்கு அதில் எவ்விதத் தொடர்புமில்லையென்று பெண்ணை இழந்த குடும்பத்தார் கூறினர். பிறர் வீட்டுச் சாவைத் தம் வாழ்க்கைக்கு அணியாக எடுத்துக்கொள்ளுதலை மிகைபடக் கூறல் என்று மட்டும் சொல்லி விடுதல் இயலாது.

மூன்று நாட் கழிந்து, லரி கிங் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பிறே தோன்றினார். இறுதியில் வின்பிறி அம்மையார் தொலைபேசியிற் பேசி, நூலின் அடிப்படைச் செய்தியாகிய மீட்சி தமக்கு இன்னும் மெய்யாகவே படுகின்றது என்னும் கருத்தைத் தெரிவித்தார். அக்கூற்றை அவரே பின்னர் மறுத்தாராயினும், அதனைப் பலர் இன்றும் வேறு நூல்களைக் காத்தற்பொருட்டு எடுத்தாளுகின்றனர். ஆதலின் அதனை ஆராய்தல் தகும். விவரங்கள் பொய்யாயினும் செய்தி மெய் எனலாமா?

புனைந்துரையைத் தமிழ் நூலார் என்றும் இகழ்ந்ததில்லை. உலகியல் வழக்கினின்று நாடக வழக்கை வேறுபிரித்து, இரண்டற்கும் செய்யுளில் இடங் கொடுத்தனர். உலகில் இல்லாத ஒழுக்கத்தை இனிமையும் நன்மையும் நோக்கிப் புலவர் நாட்டினர் என்பது களவியலுரையிலே கூறப்படுவது. நிகழ்ந்ததைக் கூறுவோன் வரலாற்றாசிரியன், நிகழத்தக்கதைக் கூறுவோன் கவிஞன் என்று அரிஸ்தோத்திலும் பிரித்தார். புனைவு எவ்விடத்திலும் குற்றமாகவில்லை. புனைவினைப் புனைவென்று கற்போன் அறிந்திருந்தான் என்பதே அங்கெல்லாம் அடிப்படை.

தன்வரலாறு வாசகனிடம் வருவது வேறு வழியாக. தருக்க நூலார் கூறும் அளவைகளுள் அது உரையளவையைச் சார்ந்தது. உள்ளதை உள்ளவாறு உரைப்பவனே ஆப்தன். அவன் சொல்லே பிரமாணம். பிறேயின் நூல் ஒரு கொள்கையைப் போதிக்கின்றது: சிகிச்சை நிலையங்கள் பின்பற்றும் பன்னிரு படிமுறை வேண்டியதில்லை, தன் மனவுறுதியொன்றே போதும் என்பது. அக்கொள்கைக்கு நூல் தருஞ் சான்று ஒன்றேயொன்று. அவ்வளவு ஆழத்தில் வீழ்ந்த ஒருவன் அவ்வழியால் ஏறினான் என்பது. வீழ்ச்சியின் ஆழத்தை ஆசிரியர் கூட்டியுரைத்தாராயின் ஏற்றத்தின் அளவும் பொய்த்துப்போகின்றது. விவரத்தைக் கழித்துவிட்டால் அங்கே செய்தியென ஒன்று எஞ்சுவதில்லை. போதையினின்று விடுபட முயலும் ஒருவனோ அவன் தாயோ இந்நூலை நம்பி வைத்தியமுறையை இகழ்வாராயின், அவர்களுக்கு நேரும் இழப்பு இலக்கிய இழப்பன்று. மீட்சி என்னும் பொதுச் சொல்லை உச்சரித்து இவ்வினாவைக் கடந்துவிட இயலாது.

பதிப்பகத்தாரின் பங்கினை இங்கே மறத்தலாகாது. அமெரிக்காவிற் சஞ்சிகைகள் சில தாம் வெளியிடுங் கட்டுரையின் செய்திகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஆட்களை வைத்திருக்கின்றன. நூற்பதிப்பகங்களிற் பெரும்பாலும் அவ்வழக்கமில்லை. எழுதியது மெய்யென்று ஆசிரியரே ஒப்பந்தத்தில் உறுதியளிக்கின்றார். வழக்கறிஞர் படிப்பது எவரேனும் மானநட்ட வழக்குத் தொடுப்பரோ என்னும் அச்சத்தினாலே. வாசகரோ, பெருநிறுவனத்தின் முத்திரையைச் சரிபார்த்தமைக்கு அடையாளமென்று கருதுகின்றனர். நூலின் மெய்ம்மை குறித்து ஐயவுரைகள் வந்தபோது வின்பிறி அம்மையாரின் அலுவலர் பதிப்பகத்தாரை வினவ, அவர் நூலுக்குப் பொறுப்புண்டென்றனர். பதிப்பகம் ஆசிரியரை நம்பியது. அம்மையார் பதிப்பகத்தை நம்பினார். வாசகர் அம்மையாரை நம்பினர். அறிந்தவர் என ஒருவர் அத்தொடரில் எங்குமில்லை.

2006 ஜனவரி 26 ஆம் நாள் அம்மையார் பிறேயையும் ரலீஸ் அம்மையாரையும் தம் மேடைக்கு அழைத்து, நாடு பார்த்திருக்க வினவினார். தொலைபேசியிற் பேசியது தம் தவறென ஒப்புக்கொண்டார். காதலியின் மரணம் நிகழ்ந்த விதமும் மாற்றப்பட்டதென்பது அன்று வெளிப்பட்டது. புகழ்ந்து எழுதிய மதிப்புரைகாரர் எத்தனைபேர் இவ்வாறு தம் பிழையைப் பொதுவில் ஏற்றனர்? அவ்வகையில் அம்மையாரைப் பாராட்டல் வேண்டும். எனினும் அன்று நிகழ்ந்ததனைத் திறனாய்வு என்று கூறுவது பொருந்தாது. ஏற்றிய அதே மேடையில் இறக்குதல் நிகழ்ந்தது. கண்ணீருக்குப் பதிலாகச் சினம். நூலை எவ்வாறு படித்திருக்க வேண்டும் என்னும் வினா அன்றும் எழவில்லை. 2011 இல் பிறேயை மீண்டும் அழைத்தபோது, அன்று தாம் இரக்கமின்றி நடந்தமைக்கு அம்மையார் வருந்தினார். அதுவும் நெஞ்சைப் பற்றிய பேச்சே.

இவ்வுண்மையை மற்றொரு நிகழ்ச்சி உறுதிப்படுத்துகின்றது. ஹேமன் ரோசன்பிளாட் என்பார் நாசிகளின் வதைமுகாமிலிருந்து மெய்யாகவே உயிர்தப்பியவர். முகாம் வேலிக்கப்பாலிருந்து ஒரு சிறுமி தமக்கு அப்பிள் எறிந்து உதவினாள் என்றும், பல்லாண்டு கழிந்து நியூயோர்க்கிற் கண்டு மணந்த பெண் அவளே என்றும் அவர் கூறினார். 1996 இலும் 2007 இலும் அதே தொலைக்காட்சி மேடை அக்கதையைக் கொண்டாடியது. நூலாக வெளிவருமுன், முகாமின் அமைப்பை அறிந்த வரலாற்றறிஞர், வேலியை அவ்வாறு அணுகுதல் இயலாதெனக் காட்டினர். 2008 டிசெம்பரில் பதிப்பகம் நூலைக் கைவிட்டது. அவர் பட்ட துன்பம் மெய், அப்பிள் பொய். கொடுமையே நிகழவில்லையென்று சாதிப்போர் கையில் அந்த அப்பிள் ஓர் ஆயுதமாகும் என்பதே அறிஞரின் அச்சம். மெய்யாய துன்பம் தனக்குத்தானே போதாது, அதற்கொரு காதற்கதை வேண்டும் என்று அம்முதியவருக்குக் கற்பித்தவர் யாவர் என்னும் வினா அவரை மட்டும் நோக்கியதன்று.

பிறே பற்றிய வழக்கு நடந்துகொண்டிருந்த 2006 ஜனவரியிலேயே கழகத்தின் அடுத்த தெரிவாக எலி வீசலின் ‘இரவு’ அறிவிக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. அந்நூல் 1956 இல் இத்திஷ் மொழியில் விரிவாகவும் 1958 இற் பிரெஞ்சிற் சுருக்கமாகவும் வெளிவந்தது. அதனை நாவலென்று வகுத்தோரும் உளர்; தன்வரலாறென்று வகுத்தோரும் உளர். சுருக்குதலும் தெரிந்தெடுத்தலும் எல்லாத் தன்வரலாற்றிலும் உண்டு. நினைவு பிழைபடுதலும் உண்டு. இவற்றைப் பொய்யென்பார் மனிதவியல்பை அறியாதார். மேரி மக்கார்த்தி 1957 இல் வெளியிட்ட தம் இளமை நினைவுகளில், அத்தியாயங்களை அடுத்து, எங்கே தாம் புனைந்தார், எங்கே நினைவு தடுமாறிற்று, உறவினர் எதனை மறுத்தனர் என்பவற்றைத் தாமே எழுதி வைத்தார். அவ்வாறு கூறியதனால் அந்நூலின் சுவை குன்றவில்லை. ஐயுறும் மனமொன்று இயங்குவதைக் காணும் இன்பம் அதிற் கூடுதலாக உண்டு. பிறேயிடம் இல்லாதது இவ்வையுறவே. தம்மைப்பற்றி ஒரு கணமேனும் ஐயுற்ற அடையாளம் அந்நூலில் எங்குமில்லை.

பின்னர் வெளிவந்த பதிப்புக்களில், துன்பத்தைத் தாங்குதற்காகத் தம் மனத்திற் படைத்துக்கொண்ட மனிதனைப் பற்றியே எழுதிவிட்டதாக ஆசிரியர் ஒரு குறிப்புச் சேர்த்தார். அவர் எழுதியவற்றுள் மிக நேர்மையான பக்கங்கள் அவையெனலாம். வழக்குகளின் முடிவில் வாசகருக்குப் பணம் திருப்பிக்கொடுக்கப் பதிப்பகம் உடன்பட்டது. முதற்பதிப்பு வாங்கியோர் 163 ஆம் பக்கத்தைக் கிழித்து அனுப்புதல் வேண்டும். மென்னட்டைப் பதிப்பாயின் முன்னட்டையை அனுப்புதல் வேண்டும். இலட்சக்கணக்கானோருள் அவ்வாறு கேட்டோர் 1,729 பேர். மற்றையோர் மன்னித்தனரோ, பொருட்படுத்தவில்லையோ, மெய்யும் பொய்யும் தமக்கு ஒன்றேயெனக் கருதினரோ, அவ்வெண் ஒன்றும் உரைப்பதில்லை.

2008 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரைப் பற்றிப் பிறே ஒரு நாவல் வெளியிட்டார். இந்நூலிலுள்ள எதனையும் திருத்தமானதென்றோ நம்பத்தக்கதென்றோ கொள்ளலாகாது என்னும் கருத்துடைய அறிவிப்பொன்று அதன் தொடக்கத்தில் உள்ளது. நாவலுக்கு அவ்வறிவிப்பு வேண்டியதில்லை.